கட்டிலிலிருந்து வாசல்வரை: மனச்சோர்வும் நடைப்பயிற்சியும்

கடலூர் திருப்பாப்புலியூரில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இருபத்தோரு ஆண்டுகளாகக் கணக்கு நடத்தி வருகிறேன். 2023 ஜூலையில் ஒரு நாள், பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு ஒன்றைக் கரும்பலகையில் பாதிவரை எழுதிவிட்டு, அடுத்த வரி என்னவென்று தெரியாமல் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். நான் யோசிக்கிறேன் என்று மாணவிகள் சற்று நேரம் காத்திருந்தார்கள். பிறகு முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி, "மிஸ், காரணிப்படுத்தணும் மிஸ்" என்றாள். எத்தனையோ ஆயிரம் முறை எழுதிய வரி அது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு என் அம்மா இறந்துபோயிருந்தார். அந்தத் துக்கம்தான் இது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் துக்கத்தில் அழுகை வரும், நினைவு வரும், யாராவது வந்து பேசினால் கொஞ்சம் ஆறும். எனக்கு அழுகையே வரவில்லை. விடியற்காலை மூன்றரை மணிக்கு விழிப்புத் தட்டிவிடும். அப்போதிருந்து வெளிச்சம் வரும்வரை, நான் செய்த தவறுகள் என்று மனம் சொல்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். உடம்பு நனைந்த சாக்குபோலக் கனத்துக் கிடக்கும். பல் துலக்குவது, தலை வாருவது, சாதம் வடிப்பது என எல்லாமே தனித்தனி மலையாகத் தெரிந்தன. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் பேசினால்கூட, எப்போது போனை வைப்பாள் என்றிருக்கும். மாமியார் திருநீறு மந்திரித்து வாங்கிவந்து பூசினார். அவர் அன்பு எனக்குப் புரிந்தது, ஆனால் நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

உடற்பயிற்சி மனச்சோர்வைத் தணிக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் என்னைப் பார்த்த ஏறக்குறைய எல்லோரும் இதையேதான் சொன்னார்கள்: "காலையில எழுந்து நாலு தெரு நட, எல்லாம் சரியாப் போயிடும்." சொன்னது உண்மைதான் என்று இன்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்ன விதத்தில் அது என்னை இன்னும் கீழே தள்ளியது. நான்கு தெரு நடப்பதற்குக்கூட வக்கில்லாதவள் என்று என்னைப் பற்றி நானே எழுதிவைத்திருந்த குற்றப்பத்திரிகையில் இன்னொரு வரி சேர்ந்ததைத் தவிர வேறு பலனில்லை. மனச்சோர்வில் இருப்பவருக்கு நடையின் நன்மை தெரியாமல் இல்லை. கட்டிலிலிருந்து வாசல்வரை வருவதுதான் அவருக்கு முடியாத தூரம். வாசலைத் தாண்டிவிட்டால் அப்புறம் உள்ள தூரம் பெரிதல்ல. ஆகவே பயிற்சி எது, எத்தனை நிமிடம் என்பதைக் காட்டிலும், அந்த முதல் பத்து அடியை எப்படிக் கடப்பது என்பதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் மாதம் கணவர் நெய்வேலியில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து, புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் என்னை அழைத்துப் போனார். அந்த அம்மையார் முதலில் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஒன்பது கேள்விகள் இருந்தன. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, பசி எப்படி, கவனம் நிற்கிறதா, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியதா என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 27-க்கு எனக்கு 17 வந்தது. என் வாழ்க்கையில் மதிப்பெண் கூடியதற்காக வருந்திய முதல் தேர்வு அதுதான். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்தவுடன் ஏதோ ஒரு நிம்மதி. எனக்கு வந்திருப்பது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. அளந்து பார்க்கக்கூடிய ஒரு நோய்.

அவர் மாத்திரை எழுதினார். அதோடு இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். இந்த இடத்தை யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், பி12 வைட்டமின் பற்றாக்குறை இருந்தாலும் மனச்சோர்வைப் போன்ற களைப்பும் மந்தமும் வரும். இருக்கும் மனச்சோர்வையும் அவை கூட்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது என்பார்கள், எனக்கு 9.1 இருந்தது. அந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு ஓடு, ஆடு என்றால் உடம்பு எப்படிக் கேட்கும்? இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்கினோம். அதை விழுங்கிய கையோடு காபி, டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது என்பதால், பல ஆண்டுகளாகக் காலை எழுந்ததும் குடித்த காபியைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை போனபோதுதான் மருத்துவர் நடையைப் பற்றிப் பேசினார். எல்லோரும் சொல்வதுபோல அவர் சொல்லவில்லை. "தினமும் அஞ்சு நிமிஷம் நடங்க. அஞ்சுக்கு மேல நடக்கக் கூடாது" என்றார். அதைக் கேட்டு நான் அவர் முகத்தையே பார்த்தேன். நடந்த பிறகு மனம் தெளிகிறதா என்று கவனிக்கவும் வேண்டாம், நடந்தோமா இல்லையா என்பதை மட்டும் குறித்து வாருங்கள் என்றார். ஆர்வம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால், ஆர்வத்தையே தின்றுவிடும் இந்த நோயில் அந்த நாள் வராது. செயலை முதலில் வைத்தால் ஆர்வம் மெல்லப் பின்னால் வரும், மனநல சிகிச்சையில் இது ஒரு தனி முறையாகவே இருக்கிறது என்று விளக்கினார்.

ஐந்து நிமிடம்கூட முதல் வாரம் நடக்கவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார்தான் அதை நடத்திவைத்தாள். விடிந்ததும் வந்து, என் செருப்பை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, தலைமாட்டில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால் படும் இடத்தில் வைத்தாள். வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் முகம் சுளித்ததைக்கூட அவள் கண்டுகொள்ளவில்லை. "அண்ணி, செருப்பை மட்டும் மாட்டுங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். முதல் நாள் மாட்டினேன்; பிறகு கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டேன். "சரி அண்ணி, நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டாள். ஒரு வார்த்தை அறிவுரை இல்லை. முகத்தில் ஏமாற்றமும் இல்லை. இரண்டாம் நாள் வாசல்வரை. மூன்றாம் நாள் எதிர்வீட்டு மின்கம்பம்வரை. நான்காம் நாள் மறுபடியும் செருப்பு மட்டும். எட்டாம் நாள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். அவள் பேசவே இல்லை. அவளுடைய கொலுசுச் சத்தம் மட்டும் எனக்கு அரை அடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அந்த வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். நடந்த நாளுக்கு ஒரு சரிக்குறி; அவ்வளவுதான் மருத்துவர் கேட்டது. ஆசிரியைக்கு மதிப்பெண் போடாமல் இருக்க முடியுமா? மூன்றாம் வாரத்திலிருந்து நடப்பதற்கு முன் மனநிலைக்குப் பத்துக்கு எவ்வளவு, நடந்த பின் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் எழுதத் தொடங்கினேன். பல நாட்கள் 2, 3. சில நாட்கள் 2, 2. ஒரு ஞாயிற்றுக்கிழமை 3, 5. பெரும்பாலும் ஒரே ஒரு மதிப்பெண்தான் கூடியது, அதுவும் மதியத்துக்குள் இறங்கிவிடும். ஆனால் மூன்று மாதப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தபோது, நடந்த பிறகு எண் குறைந்த நாள் ஒன்றுகூட இல்லை. இது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. மனச்சோர்வு நம் ஞாபகத்திலும் கைவைக்கும். நேற்று நடந்ததால் கொஞ்சம் இலேசாக இருந்தது என்பதை இன்று காலை அது மறைத்துவிட்டு, "நடந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும். அப்போது என் மனம் சொல்வதை நம்பாமல் என் கையெழுத்தை நம்பினேன். நோட்டு தேவையில்லை, கைபேசிச் செயலியே போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடி எண்ணிக்கையை மட்டும் காட்டும் செயலி இந்த உதவியைச் செய்யாது என்பது என் எண்ணம்.

ஐந்து நிமிடம் பத்தாகி, பத்து இருபதாக இரண்டரை மாதம் ஆயிற்று. தீபாவளிக்குப் பிறகு, மழை விட்டிருந்த நாட்களில் நாத்தனாரும் நானும் ஸ்கூட்டியில் தேவனாம்பட்டினம்வரை போய், பெரியார் கலைக் கல்லூரியைத் தாண்டிச் சில்வர் பீச்சில் நடக்கத் தொடங்கினோம். கடலூரில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் புதிதில்லை. ஆனால் அந்த நேரத்துக் கடற்கரையை நான் அறிந்ததில்லை. படகுகள் கரையேறிக்கொண்டிருக்கும், வலையிலிருந்து நண்டைப் பிய்த்தெடுத்துக்கொண்டிருப்பார்கள், கடலுக்குள்ளிருந்து சூரியன் வரும்போது நம் முகத்துக்கு நேராக வரும். காலை வெளிச்சம் கண்ணில் படுவது தூக்கத்தின் கடிகாரத்தைச் சீராக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு முதலில் மாறியது மனம் இல்லை, தூக்கம்தான். மூன்றரை மணி விழிப்பு நான்கரை ஆயிற்று. பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். தூக்கம் ஒழுங்கானவுடன் பசி வந்தது. ஒருநாள் திரும்பும் வழியில் கேழ்வரகுக் கூழும் ஊறுகாய் மிளகாயும் வாங்கிக் குடித்தோம். அம்மா இறந்த பிறகு நாக்கில் ருசி தெரிந்தது அன்றைக்குத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். நோட்டில் அந்த நாளுக்கு 6 போட்டிருக்கிறேன்.

கடற்கரையில் நடப்பவர்களுக்கு இரண்டு சொற்கள். உலர்ந்த மணலில் நடந்தால் கெண்டைக்கால் சீக்கிரம் இழுத்துப் பிடிக்கும். தொடக்கத்தில் அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், ஒரே பக்கமாக நடந்தால் ஒரு முழங்கால் மட்டும் வலிக்கும். எனக்கு அப்படித்தான் வலது முழங்கால் பிடித்துக்கொண்டு பத்து நாள் வீணாயிற்று. சாலையோரத் தளத்தில் நடப்பதே உத்தமம். மணலைக் கடைசியில் சற்று நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இருட்டில் கிளம்ப வேண்டாம். தெருநாய்களும் இருக்கின்றன, பெண்கள் தனியாகப் போவதும் நல்லதில்லை. 5.45-க்கு நன்கு வெளிச்சம் வராத மார்கழி, தை மாதங்களில் நாங்கள் 6.15-க்குத்தான் புறப்படுவோம். அக்னி நட்சத்திர நாட்களில் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் வியர்வையைக் கூட்டும், சில எழுந்து நிற்கும்போது தலைசுற்றலைத் தரும். ஆகவே தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவதும், படுக்கையிலிருந்து ஒரேயடியாக எழாமல் சற்று உட்கார்ந்து எழுவதும் அவசியம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மூச்சு அந்த அளவுக்கு வாங்கினால் வேகம் சரியாக இருக்கிறது என்று பொருள். நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது நான் ஒரு தவறு செய்தேன். 2024 பொங்கலுக்குப் பிறகு, உடம்பில் தெம்பு வந்துவிட்டது என்ற உற்சாகத்தில் ஊரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். முதல் நாளே ஐம்பது உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். நானும் மறுக்காமல் செய்தேன். மறுநாள் பள்ளி மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டாக ஏற வேண்டியிருந்தது. நான்கு நாள் வலி. வலியால் நடை நின்றது; நடை நின்றதால் தூக்கம் கெட்டது; இரண்டு வாரத்தில் நோட்டின் எண்கள் மறுபடியும் 3-க்கு வந்துவிட்டன. ஐந்துக்கு மேல் நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. மனச்சோர்விலிருந்து மீண்டுகொண்டிருப்பவருக்கு அளவுக்கு மீறிய பயிற்சி வெறும் தசை வலியோடு நிற்பதில்லை. முயன்று தோற்ற இன்னொரு கதையை மனத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

பிப்ரவரியில் மருத்துவரிடம் போய் இதைச் சொன்னேன். இவ்வளவு தூரம் நடையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனே, இதற்கு ஆதாரம் உண்டா என்றும் கேட்டேன். கணக்கு ஆசிரியை என்பதால் எண்களோடு பேசினார். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு கொண்ட 156 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 1999-இல் வெளியிட்டார்கள். எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். ஒரு பிரிவினருக்கு மாத்திரை, ஒரு பிரிவினருக்கு வாரம் மூன்று முறை உடற்பயிற்சி, ஒரு பிரிவினருக்கு இரண்டும். 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் விரைவாகப் பலன் தெரிந்தது மாத்திரையில்தான். அந்த மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வந்திருந்த ஒரு தொகுப்பாய்வையும் சொன்னார். 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் சேர்த்துப் பார்த்ததில் நடை அல்லது மெல்லோட்டம், யோகா, தசை வலுப்பயிற்சி ஆகியவை நன்கு உதவுவதாகத் தெரிந்தது. இடையில் கைவிடாமல் தொடர்ந்தவர்கள் யோகாவிலும் வலுப்பயிற்சியிலும் அதிகம். அந்த ஆய்வுகளில் பலவற்றின் தரம் போதாது என்பதையும் தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள் என்று அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஏன் உதவுகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. உடற்பயிற்சி செய்தால் மகிழ்ச்சி தரும் ஏதோ ஒன்று மூளையில் சுரக்கிறது என்று எல்லோரும் சொல்வது கதையின் ஒரு துண்டுதான். மூளையில் நினைவாற்றலோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, நீண்ட நாள் மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சிறுத்துக் காணப்படுகிறது. மனச்சோர்வு இல்லாத 55 முதல் 80 வயதுவரையிலான 120 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு வாரம் மூன்று நாள் நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி 2 சதவீதம் பெருத்திருந்தது. வெறும் தசைநீட்டல் செய்தவர்களுக்குச் சற்றே குறைந்திருந்தது. நரம்பணுக்கள் வளரவும் கிளைக்கவும் உதவும் ஒரு புரதம் உடற்பயிற்சியால் கூடுவதை இதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இவற்றோடு, நடக்கும் நேரத்தில் மனம் ஒரே எண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வருவது நின்றுபோகிறது. எனக்கு இதுதான் கைமேல் கண்ட பலன். நடக்கும்போது பழைய தவறுகளின் பட்டியல் தொடங்கினால் மின்கம்பங்களை எண்ணுவேன்; மூன்றால் வகுபடும் கம்பம் வந்தால் மூச்சை நீளமாக விடுவேன். கணக்கு தெரியாதவர்கள் வேறு எதையாவது எண்ணிக்கொள்ளலாம்.

அன்று முதல் வாரம் இரண்டு நாள் வீட்டிலேயே வலுப்பயிற்சி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது எட்டு முறை, சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து உடம்பைத் தள்ளி எடுப்பது எட்டு முறை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது பத்து முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டினேன். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியும், இரண்டு நாட்களாவது தசை வலுப்பயிற்சியும் வேண்டும் என்கிறது. நான் 150-ஐத் தொட ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் ஆயின. அதே நிறுவனம், கொஞ்சம் செய்வது எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்றும் சொல்லியிருக்கிறது. நோயின் நடுவில் இருப்பவர்கள் அந்த இரண்டாம் வாக்கியத்தை மட்டும் படித்தால் போதும்.

எங்கள் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்பதால், வெளியில் நடப்பதை மட்டுமே நம்பியிருக்க முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் ஓரப் பகுதிகளை மூழ்கடித்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பின் சேறு, பள்ளிக்கு விடுமுறை, மின்சாரம் இல்லை. பதினேழு நாள் நான் நடக்கவில்லை, பாட்டிலையும் தொடவில்லை. பதினெட்டாம் நாள் காலை மூன்றரை மணிக்கு விழிப்பு வந்தபோது, இருட்டில் அந்தப் பழைய பட்டியல் காத்துக்கொண்டிருந்தது. மிகவும் பயந்துபோனேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றே மனம் தீர்ப்பு எழுதியது. கணவரை எழுப்பி, "என்னங்க, எனக்குத் திரும்பவும் வருது" என்றேன். அவர் விளக்கு வைத்து நோட்டைத் தேடி எடுத்து, 2023 செப்டம்பர்ப் பக்கத்தை விரித்துக் காட்டினார். செருப்பு மட்டும், வாசல், கம்பம், மறுபடியும் செருப்பு மட்டும். விடிந்ததும் கூடத்தில் ஐந்து நிமிடம் நடந்தோம். அந்த வாரம் முழுவதும் அவ்வளவுதான். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் தொடங்கிய இடத்திலிருந்து தொடங்கியதால், முப்பது நிமிடத்துக்கு வர இம்முறை மூன்றே வாரம் பிடித்தது. அதன் பிறகு, மழைக்கென்றே தனி ஏற்பாடு வைத்திருக்கிறேன்: கூடத்தில் நடை, மாடிப்படி, ஆறு சூரிய நமஸ்காரம். மழை விட்ட ஞாயிறுகளில் திருவந்திபுரம் மலைக்கோயில் படிகள் 74-ஐயும் நிதானமாக ஏறி இறங்குவோம்.

மாத்திரையைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். நடையால் தேறிவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிட்டாயா என்பார்கள். நானாக நிறுத்தவில்லை. மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் செருப்பைக்கூட மாட்டியிருப்பேனா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஒன்றரை ஆண்டு கழித்து மருத்துவரே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இன்னும் ஒரு சிறிய அளவு தொடர்கிறது. தேறியதாகத் தோன்றும்போது திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. அதேபோல, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருபவரிடம் யாரும் நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். நடு இரவானாலும் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். எனக்கும் அந்த எண்ணம் வந்த இரவுகள் உண்டு. வீட்டில் சொல்லியிருந்தேன், அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதை என் நாத்தனாரின் நடத்தையே சொல்லிவிட்டது என்றாலும், ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். கடற்கரையில் மீன் கூடையோடு உட்காரும் ஒரு அம்மாள், நான் இரண்டு நாள் போகாவிட்டால், "என்னா டீச்சரம்மா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்று கேட்பார். அவருக்கு என் நோயும் தெரியாது, பெயரும் தெரியாது. என்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற அந்த ஒரு கேள்விக்காகவே கிளம்பிய காலைகள் பல. ஒரே நேரம், ஒரே வழி என்று வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட முகங்கள் தாமாகவே சேர்ந்துவிடும்.

இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை மூன்று வாரமாக விடுப்பில் இருக்கிறார். மருத்துவரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்; மாத்திரை போட்டு இரண்டு வாரம் ஆகிறது. அவர் வீடு வண்டிப்பாளையத்தில். சென்ற திங்கட்கிழமையிலிருந்து 5.45 மணிக்கு நானும் நாத்தனாரும் அங்கே போகிறோம். மூன்று நாள் கதவைத் திறந்து வந்து, தெருவில் பாதிவரை நடந்தார். இரண்டு நாள் வெளியே வரவே இல்லை. அந்த இரண்டு நாளும் அவர் வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்று ஜன்னல் பக்கமாகச் சொல்லிவிட்டு வந்தோம்.